ப்ராசசரை மாத்தலாமா, அப்படியே விட்டுரலாமா

கம்பம்,
9.6.2024

அன்பு மகன் சுருளிவேலுக்கு அப்பா தங்கப்பாண்டி எழுதுறது. இங்கன நானும் அம்மாவும் சௌக்கியம். வடுகபட்டியில அக்கா வீட்லயும் எல்லாரும் சௌக்கியம். எல்லையில, அந்தப் பனிமலைக் குளிர்ல காவல் நிக்கிற நீ சௌக்கியமா இருக்கணும்னு அம்மா தினமும் விளக்கு போட்டுக்கிட்டு இருக்கா.

நான் கடுதாசி எழுதுறது உனக்கே அதிசயமா இருக்கும். என்ன செய்ய, ஞாயித்துக்கிழமை நீ போன் போட்டா உனக்குப் பின்னால ஒரு பட்டாளமே வரிசையில நிக்குது. அம்மா "சாப்பிட்டியாடா"ன்னு கேட்டு முடிக்கிறதுக்குள்ள லைன் கட்டாயிருது. எனக்குக் கேக்க வேண்டிய விசயம் ரெண்டு வார்த்தையில அடங்காது.

மாடி ரூம்ல கிடந்த உன் கம்ப்யூட்டரைக் கீழ கூடத்துக்குக் கொண்டாந்து வச்சிருக்கோம். சும்மா பூட்டி வச்சா கெட்டுப் போகுமேன்னு போட்டுப் பார்த்தேன். ரொம்ப மெதுவா இருக்கு. தேனியில நீ அதைப் பார்ட்ஸ் பார்ட்ஸாச் சேர்த்து வாங்குன முத்துராஜா கடைக்குப் போன் போட்டுக் கேட்டேன். ப்ராசசர் பழசு, மாத்தணும்னாப்ல. மறுநா கேட்டா, போர்டு, மெமரி எல்லாத்தையும் சேர்த்து மாத்திட்டா நிம்மதிங்கிறாப்ல. வண்டிக்கு பிஸ்டன் ரிங்கு போச்சுன்னா இன்ஜினையே மாத்தச் சொல்ற ஆளுகளை நான் நிறையப் பார்த்திருக்கேன். அதான் உன்கிட்ட கேக்குறேன். ப்ராசசரை மட்டும் மாத்தலாமா, இல்ல அப்படியே விட்டுரலாமா? பெருசா யாரும் உபயோகிக்கல. ஜீப் வாடகைக் கணக்கு பார்க்கத்தான்.

முதல் போகத்துக்குத் தண்ணி திறந்து விட்டாச்சு. வாய்க்கால் நிறைய ஓடுது. ஜீப் நல்லா ஓடுது. ஒரு குறையும் இல்ல.

உடம்பைப் பார்த்துக்க. காலுறை ஈரமா இருந்தா உடனே மாத்திப் போடு.

இப்படிக்கு
அப்பா

---

முகாம்,
30.6.2024

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சுருளி வணக்கம். நான் நல்லா இருக்கேன். மூக்கு மட்டும் தோல் உரிஞ்சு வெள்ளரிப் பிஞ்சு மாதிரி இருக்கு. அம்மாவுக்குச் சர்க்கரை எப்படி இருக்கு? மாத்திரைய ஒழுங்காப் போடுறாகளா?

தபால்ல உங்க கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குப் பகீர்னு ஆயிருச்சு, ஏதோ கெட்ட சேதின்னு. பிரிச்சா ப்ராசசர்! நான் ப்ளஸ் டூ படிக்கும்போது அந்தப் பெட்டிய "கரண்டு திங்கிற பிசாசு"ன்னு சொல்லுவீகளே, அது இப்ப கூடத்துல உட்கார்ந்திருக்கா? அம்மா அதுக்குச் சூடம் காட்டுறாகளா?

வாடகைக் கணக்குக்கு அந்த ப்ராசசர் தாராளம். மொத்தமா மாத்தவும் வேணாம், தனியா மாத்தவும் வேணாம். அதுக்குள்ள தூசி அடைச்சிருக்கும். பக்கவாட்டுத் தகட்டுல ரெண்டு திருகாணி இருக்கும், கழட்டிட்டு, பெயிண்ட் அடிக்கிற பிரஷ்ஷால நல்லாத் தட்டி விடுங்க. ஃபேன் சுத்தாம விரலால பிடிச்சுக்கங்க. ப்ராசசர் சூடானா தன்னால வேகத்தைக் குறைச்சுக்கும். கம்பம்மெட்டு ஏறும்போது ரேடியேட்டர் கொதிச்சா நீங்க வண்டிய ஓரங்கட்டுவீகள்ல, அது மாதிரிதான்.

ஏலக்காய் எடுப்பு ஆரம்பிச்சிருக்குமே. எஸ்டேட் ஆளுகளை ஏத்திக்கிட்டுக் காலையில ஜீப் எத்தனை டிரிப் போகுது? எஸ்டேட் ரோட்டுல இந்த வருசமாவது தார் போட்டாகளா?

பதில் போடுங்க. உங்க கடுதாசிய ரெண்டு தடவை படிச்சேன்.

உங்க
சுருளி

---

கம்பம்,
18.7.2024

அன்பு மகனுக்கு ஆசிகள். நாங்க சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கு. உன் மூக்குக்குத் தேங்காண்ணெய் தடவச் சொல்றா. அங்கன அது கட்டியா உறைஞ்சிரும்னு சொன்னேன், கேக்க மாட்டேங்குறா.

நீ சொன்னபடி பெட்டியத் திறந்தோம். உள்ள பல்லி முட்டை ரெண்டு. அம்மா போட்ட சத்தத்துல எதிர்வீட்டு ஆளுக வந்துட்டாக. தூசிய ஒரு முறத்துல அள்ளினோம். ஆனா மூணு நாளைக்கு நல்லா ஓடிச்சு, அப்புறம் பழைய கதைதான். வெறும் ரோட்டுல பிரச்சினை இல்ல. ஊருக்குள்ள நுழைஞ்சு, நாலு பக்கமும் வண்டி வந்துச்சுன்னா விக்கி விக்கி நிக்குது. வளைவுல நிக்கிறதுதான் ரொம்பச் சங்கடம். நான் திருப்பின பிறகு அரை நொடி கழிச்சுத்தான் வண்டி திரும்புது.

எழுதினதைத் திரும்பப் படிச்சேன். இனிமே மறைச்சு என்ன. முத்துராஜா லாரி ஓட்டுற கேம் ஒண்ணு போட்டுக் குடுத்தாப்ல. அதைத்தான் ஓட்டிக்கிட்டு இருக்கேன். நீ சிரிக்காத.

ஊரு ஏதோ வெளிநாடு. ரோடு முழுக்கப் பனி. எல்லாரும் வலது பக்கமாப் போறாங்க. முதல் நாள் நான் நம்ம ஊரு நெனப்புல இடது பக்கமாப் போய், வரிசையா எட்டு காரை இடிச்சேன். ஒருத்தன்கூட இறங்கி வந்து ஆத்தா அப்பனைத் திட்டல. ஃபைன் மட்டும் போட்டான். எனக்கே வெக்கமாப் போச்சு. கீபோர்டுல திருப்புற பட்டனெல்லாம் வலது கைக்கே வருது. அது எனக்குத் தோதா இருக்கு. இப்ப இருபது டன் தக்காளிய ஒரு சிராய்ப்பு இல்லாமக் கொண்டு போய் இறக்கிருவேன். அம்மா பின்னால உட்கார்ந்து பூ கட்டிக்கிட்டே "பிரேக்கு, பிரேக்கு"ங்கிறா. நிஜ ஜீப்புல வந்தப்ப கூட இந்தப் பாடு படுத்தினதில்ல.

அதனால நல்லா யோசிச்சு எழுது. மாத்தலாமா?

நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா

---

முகாம்,
6.8.2024

அப்பாவுக்கு வணக்கம். சுகமா இருக்கேன், நீங்களும் அம்மாவும் சுகமா இருக்கீகன்னு நம்புறேன்.

சிரிக்காதன்னு எழுதியிருந்தீக. சிரிச்சேன். நான் மட்டும் இல்ல, இங்கன மலையாளப் பையன் ஒருத்தன், பஞ்சாபி ஒருத்தன், எல்லாருக்கும் மொழிபெயர்த்துச் சொன்னேன். எட்டு காரு கதைய அந்தப் பஞ்சாபி மூணு தடவை கேட்டான். இப்ப தபால் வந்தா என்னைவிட அவன்தான் முதல்ல ஓடுறான். "டிரைவர் சாப் என்ன எழுதியிருக்கார்?"னு.

சரி, விசயத்துக்கு வர்றேன். விக்குறதுக்குக் காரணம் ப்ராசசர்தானான்னு முதல்ல உறுதி பண்ணணும். படத்தை வரையிறது கிராபிக்ஸ் கார்டு. எந்த வண்டி எங்க போகுது, எது எதுமேல மோதும்னு கணக்குப் போடுறது ப்ராசசர். ரெண்டும் எவ்வளவு வேலை செய்யுதுங்கிறதைத் திரையோட மூலையில எண்ணாக் காட்ட வைக்கலாம். முத்துராஜா அண்ணன் போன்லயே சொல்லிக் குடுப்பாரு. ஊருக்குள்ள நுழையும்போது அந்த ரெண்டு எண்ணையும் பார்த்து எழுதுங்க. கார்டு நூறைத் தொட்டு நின்னா கோளாறு கார்டுல. கார்டு சும்மா இருந்து, ப்ராசசர் மட்டும் முக்கிக்கிட்டு இருந்தா கோளாறு ப்ராசசர்ல.

எனக்கு ஒண்ணுதான் புரியல. ஏல சீசன்ல விடியுமுன்ன கிளம்பினா நீங்க வீடு திரும்பவே பொழுது சாஞ்சிரும். இந்தக் கேமுக்கெல்லாம் நேரம் எங்க இருக்கு? உடம்பு நல்லாத்தான இருக்கு?

உங்க
சுருளி

---

கம்பம்,
31.8.2024

அன்பு மகனுக்கு. சுகத்துக்குச் சுகம்.

எண்ணைப் பார்த்தாச்சு. ஊருக்கு வெளிய ப்ராசசர் எழுபது, கார்டு அறுபது. ஊருக்குள்ள ரவுண்டானா வந்ததும் ப்ராசசர் நூறு, கார்டு நாப்பதுக்கு இறங்கிருது. மழை பெய்ஞ்சா இன்னும் மோசம். உன் கணக்குப்படி கோளாறு ப்ராசசர்தான். நாலு மாடு இழுக்க வேண்டிய பாரத்தை ரெண்டு மாடு இழுக்குதுன்னு முத்துராஜா சொன்னாப்ல. அதுல இருக்குறது நாலு கோருன்னும், இப்ப ஆறு, எட்டுன்னு வருதுன்னும் சொன்னாப்ல.

இன்னொரு சேதி. பழைய ஸ்டியரிங் செட்டு ஒண்ணு அவர் கடைக்கு வந்துச்சு. ஆக்சிலேட்டர், பிரேக், கிளட்ச் மூணும் இருக்கு. கியர் ராடு தனி. வாங்கிட்டேன். மேசைக்குக் கீழ செங்கல் முட்டுக் குடுத்து வச்சிருக்கேன். கிளட்ச் கொஞ்சம் கெட்டியா இருக்கு. அது நல்லதுதான். கேம்ல கிளட்ச் இல்லாமலே ஓட்டலாமாம், ஆனா நான் கிளட்சோடதான் ஓட்டுறேன். இடது காலால மிதிச்சு மிதிச்சு எடுக்கணும். மலை ஏத்தத்துல பாதி கிளட்ச்சுல வண்டிய நிறுத்துறேன் பாரு, அப்ப படம் விக்கிச்சுன்னா கால் கணக்கு தப்பிப் போகுது. அதான் வருத்தம்.

இங்கன மழை. டிரிப்பு அப்படி இப்படித்தான்.

அந்தப் பஞ்சாபித் தம்பிக்கு என் விசாரிப்பைச் சொல்லு. நேத்து நான் ஒரு பாலத்துமேல ரிவர்ஸ் எடுத்தேன்னு சொல்லு.

மாத்தலாமா வேணாமான்னு இந்தத் தடவை ஒரு முடிவாச் சொல்லிரு.

அப்பா

---

முகாம்,
21.9.2024

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம். இங்கன நலம். பனி ஆரம்பிச்சிருச்சு, ரோடு மூடினா தபால் தாமதமாகும். கவலைப்படாதீக.

ப்ராசசர் விசயம். நல்லா யோசிச்சேன். வேணாம்பா. பெட்டிக்கு ஏழு வயசாச்சு. ப்ராசசரை மாத்தினா நாளைக்கு கார்டு பத்தலைன்னு தோணும், அதை மாத்தினா பவர் சப்ளை பத்தாது. பழைய வண்டிக்கு ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டே இருக்குற மாதிரிதான். அடுத்த வருசம் நான் லீவுல வரும்போது புதுசா ஒண்ணு சேர்த்துக்கலாம். அதுவரைக்கும் கேம்ல மழைய நிறுத்தி வச்சுட்டு, வண்டிக் கூட்டத்தைக் குறைச்சு வச்சு ஓட்டுங்க.

நான் ப்ளஸ் டூ படிக்கும்போது நீங்க என்கிட்ட சொன்னதையே இன்னைக்கு நான் உங்ககிட்ட சொல்றேன்: விளையாட்டுச் சாமானுக்கு எதுக்கு இம்புட்டு மெனக்கெடல்? ரோட்டைப் பாருங்க. சீசன் நேரம். (கோவிச்சுக்காதீக, எத்தனை வருசமா இதைச் சொல்லக் காத்துக்கிட்டு இருந்தேன்!)

பதில் போடுங்க. பஞ்சாபி கேக்குறான், பாலத்துல ரிவர்ஸ் எடுத்தப்ப டிரெய்லர் மாட்டியிருந்துச்சான்னு.

உங்க
சுருளி

---

வடுகபட்டி,
24.10.2024

தம்பி சுருளிக்கு அக்கா யுவராணி எழுதிக்கிறது. நாங்க நல்லா இருக்கோம். திரிஷா ரெண்டாங் கிளாஸ் போறா, மாமா எப்படா வருவாருன்னு கேக்குறா. நீ உடம்பைப் பத்திரமாப் பார்த்துக்க.

அப்பாகிட்ட இருந்து கடுதாசி வரலையேன்னு நினைச்சிருப்ப. நான் எழுதுறது அப்பாவுக்குத் தெரியாது. முதல்லயே சொல்லிர்றேன், இப்ப பயப்பட ஒண்ணும் இல்ல.

நீ பனிமலை முகாமுக்கு ஏறின மறு மாசமே, மார்ச்சுல, ஜீப் ஸ்டாண்டுல வச்சு அப்பாவுக்கு இடது பக்கம் இழுத்துக்கிருச்சு. ஸ்டாண்டுல கூட ஜீப் ஓட்டுற வினோத்ராஜ்தான் தூக்கிக்கிட்டுத் தேனிக்கு ஓடினாப்ல. நேரத்தோட போனதால பொழைச்சாக. வாய் கோணல, பேச்சு போகல. இடது கையும் காலும்தான் சுரத்து இல்லாமப் போச்சு. கண்ணு முழிச்சதும் சொன்ன முதல் வார்த்தை, "பையனுக்குச் சொல்லாதீக. மேல நிக்கிறவனுக்கு நெனப்பெல்லாம் கால் வைக்கிற இடத்துல இருக்கணும்." அம்மாவும் நானும் அதுக்குக் கட்டுப்பட்டோம். ஜீப்பை வினோத்ராஜ்தான் ஓட்டுறாப்ல.

வீட்டுக்கு வந்தப்புறம் அப்பா யாரோடயும் பேசல. ஆஸ்பத்திரியில உடற்பயிற்சி சொல்லிக் குடுக்குற ஜெபராணியக்கா, காலை மடக்கி நீட்டணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாக. செய்யல. "சின்னப்பிள்ளை மாதிரி காலை ஆட்டச் சொல்றாக"ன்னு சுவத்தைப் பார்த்துப் படுத்துக்கிருவாக. திரிஷா கார்ட்டூன் பார்க்கணும்னு அழுததுக்குத்தான் உன் பெட்டியக் கீழ இறக்கினோம். அப்புறம் அது அப்பாவோடதாயிருச்சு. அந்தக் கிளட்ச் வந்த பிறகு ஒரு நாளைக்கு எத்தனை தடவை மிதிக்கிறாகன்னு கணக்கே இல்ல. போன மாசம் ஜெபராணியக்கா காலை அழுத்திப் பார்த்துட்டு, "என்னண்ணே, வீட்ல என்ன செய்றீக?"ன்னு கேட்டாக. அப்பா, "லாரி ஓட்டுறேன்"னு சொன்னாக. அந்தக்கா பயந்தே போச்சு.

இப்ப உன் கடுதாசி வந்துச்சு. படிச்சாக. "அவன் சொல்றது சரிதான், விளையாட்டுதான"ன்னு சொல்லிட்டு, கம்ப்யூட்டர் மேல அம்மாவோட பழைய சேலைய மூடி வச்சுட்டாக. பத்து நாளா தொடல.

உன்னைக் குத்தம் சொல்லல. உனக்குத் தெரியாது. இப்பத் தெரிஞ்சிருச்சு. நான் எழுதினதைக் காட்டிக் குடுக்காம என்ன செய்யலாமோ செய்.

அன்புடன்
அக்கா

---

முகாம்,
9.11.2024

அப்பாவுக்கு வணக்கம். உங்க உடம்பும் அம்மா உடம்பும் எப்படி இருக்கு? எனக்கு ஒரு குறையும் இல்ல.

போன கடுதாசியில நான் எழுதினது தப்பு. கணக்கைச் சரியாப் பார்க்காம எழுதிட்டேன். பஞ்சாபிக்கு இதுல நல்ல ஞானம் உண்டு, அவன் என்னைத் திட்டினான். உங்க போர்டு அந்தக் காலத்துலயே நல்ல போர்டு. இப்ப வந்த ஆறு கோர் ப்ராசசர் அதே சாக்கெட்டுல அப்படியே உட்காரும். மெமரி மாத்த வேணாம், பவர் சப்ளை மாத்த வேணாம். இந்த மாதிரி அமையிறதே அபூர்வம். இப்ப மாத்தலைன்னா பின்னால அந்த ப்ராசசர் கிடைக்காமக்கூடப் போகலாம். அதனால உடனே மாத்திருங்க. தள்ளிப் போட வேணாம். என்ன மாடல்னு முத்துராஜா அண்ணனுக்குத் தனியா எழுதிப் போட்டுட்டேன், வாங்கவும் ஏற்பாடு பண்ணிட்டேன்.

ஒரு வரிசை இருக்கு, தப்பக் கூடாது. பழைய ப்ராசசர் உள்ள இருக்கும்போதே போர்டுல இருக்குற பயாஸ்ங்கிற புரோகிராமைப் புதுப்பிக்கணும். இல்லாட்டிப் புதுசை அதுக்கு அடையாளம் தெரியாது, திரை கருப்பாவே நிக்கும். அதைக் கடையில செஞ்சு தருவாரு. அப்புறம் ப்ராசசரைக் கழட்டுறதுக்கு முன்னால ஒரு பத்து நிமிசம் கேம் ஓட்டுங்க. சூடு ஏறினா உள்ள ஒட்டியிருக்குற பசை இளகும். அணைச்சு, பிளக்கை உருவிட்டு, மேல ஃபேனோட இருக்குற கூலரை நேராத் தூக்காதீக. லேசாத் திருகித் திருகி எடுக்கணும். புது ப்ராசசரோட மூலையில தங்கக் கலர்ல ஒரு முக்கோணம் இருக்கும், சாக்கெட்டுல இருக்குற முக்கோணத்துக்கு நேரா வச்சா தன் பாரத்துலயே உள்ள இறங்கிரும். அழுத்தவே கூடாது. அடியில ஆயிரத்துக்கு மேல ஊசி. ஒண்ணு வளைஞ்சாலும் போச்சு. அதனால இடது கையால பிடிக்காதீக, அம்மாவைப் பிடிக்கச் சொல்லுங்க.

முடிச்சதும் எழுதுங்க. மழைய நிறுத்தி வைக்கச் சொன்னேன்ல, அதைத் திரும்பப் போட்டு விடுங்க.

உங்க
சுருளி

---

கம்பம்,
2.12.2024

அன்பு மகனுக்கு அப்பாவோட ஆசி. அம்மாவும் நானும் சுகம்.

போட்டாச்சு. ஓடுது.

முதல்ல இருந்து சொல்றேன். பெட்டியச் சாக்குல கட்டி, அம்மாவும் நானும் தேனி பஸ்ல ஏறினோம். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போடுறேன்னான். அம்மா, "இது லக்கேஜ் இல்லப்பா, வைத்தியத்துக்குக் கொண்டு போறோம்"னா. அவன் டிக்கெட்டே போடல. கடையில முத்துராஜா அந்த பயாஸ் வேலைய முடிச்சுட்டு, "இருங்கண்ணே, ப்ராசசரையும் நானே போட்டுர்றேன்"னாப்ல. நான் விடல. வண்டிய மெக்கானிக்கிட்ட விட்டுட்டு நான் என்னைக்கு டீ குடிக்கப் போயிருக்கேன்? வீட்டுக்கே கொண்டாந்துட்டோம்.

நீ சொன்னபடி சூடேத்தி, திருகித் திருகித்தான் எடுத்தேன். எடுத்தா, பழைய ப்ராசசர் கூலரோட அடியிலயே ஒட்டிக்கிட்டு, பல்லோட பிடுங்கின மாதிரி வெளிய வந்துருச்சு. நாலஞ்சு ஊசி படுத்துருச்சு. பேனா முனையால நிமித்தப் பார்த்தேன். அப்புறம்தான் இது பழசு, இனி நமக்கு எதுக்குன்னு நெனப்பு வந்துச்சு.

புதுசை அம்மாதான் வச்சா. கண்ணாடி போட்டுக்கிட்டு, பிச்சிப்பூவை எடுக்குற மாதிரி ரெண்டு விரலால எடுத்தா. நான் டார்ச் பிடிச்சேன். "முக்கோணம் எங்கன, முக்கோணம் எங்கன"ன்னு நாலு தடவை கேட்டா. வச்சதும் டொக்குனு உட்கார்ந்துச்சு. பசை தடவி, கூலரை மாட்டிட்டு, பட்டனை அழுத்தினா திரை கருப்பு. ஃபேன் சுத்துது, படம் வரல. அம்மா என்னைப் பார்க்குறா, நான் அம்மாவைப் பார்க்குறேன். "உடைச்சுப்புட்டேனா"ன்னு அவளுக்குக் கண்ணு கலங்கிருச்சு. அப்ப பார்த்து எழுத்து வந்துச்சு பாரு. உன் அம்மா கை தட்டினா.

மழையப் போட்டேன். ரவுண்டானாவுல நாலு பக்கமும் வண்டி. ஒரு விக்கல் இல்ல. கார்டு தொண்ணூறு, ப்ராசசர் ஐம்பது.

இப்ப நீ ஒண்ணு சொல்லு. இடது கையால பிடிக்க வேணாம்னு எழுதியிருந்தியே. யுவராணிதான?

அவளை நான் திட்டல. நானே எழுதணும்னு நாலு தடவை பேனாவ எடுத்தேன். "இங்கன எல்லாரும் சௌக்கியம்"னு முதல் வரி எழுதினா, அதுக்கப்புறம் அதுக்கு மாத்தா எழுத வர மாட்டேங்குது. இப்ப நிசமாவே தேவலை. தாழ்வாரத்துல கம்பு இல்லாம நடக்குறேன். பொங்கலுக்கு அப்புறம் டாக்டரம்மா வரச் சொல்லியிருக்காக. வண்டி ஓட்டலாமா வேணாமான்னு அன்னைக்குச் சொல்லுவாக.

டிரெய்லர் மாட்டித்தான் இருந்துச்சுன்னு பஞ்சாபித் தம்பிக்குச் சொல்லிரு.

அப்பா

---

முகாம்,
27.12.2024

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம். நான் நல்லா இருக்கேன்.

அக்கா கடுதாசியப் படிச்ச அன்னைக்கு எனக்கு வந்த கோவத்தை எழுதினா இந்தக் காகிதம் தாங்காது. அத்தனை ஞாயித்துக்கிழமை போன் போட்டிருக்கேன், ஒரு தடவை கூட உங்க குரல்ல எனக்குத் தெரியலையேன்னு என்மேலயும் கோவம். அப்புறம் நான் எழுதின அந்த "விளையாட்டுச் சாமான்" வரி ஞாபகம் வந்துச்சு. அதை நீங்க படிச்ச நேரத்தை நெனச்சா இப்பவும் ஒரு மாதிரி ஆகுது. மன்னிச்சுக்கங்கப்பா.

இனி எதுவா இருந்தாலும் எனக்குச் சொல்லணும். நான் தாங்கிக்கிருவேன். இங்கன நாங்க தாங்குறதுக்குத்தான சம்பளமே குடுக்குறாக.

அம்மாகிட்ட சொல்லுங்க, புது ப்ராசசர் போட்டதும் முதல் தடவை அந்தக் கருப்புத் திரை எல்லாருக்கும் வரும். உள்ள மெமரியப் பழகிக்கிட்டு இருக்கும், அம்புட்டுதான். கடைக்காரங்களே அந்த நேரத்துல வேர்த்துப் போவாங்க.

நல்ல சேதி ஒண்ணு. ஜனவரி கடைசியில எங்களைக் கீழ இறக்குறாக. அங்க இன்டர்நெட் உண்டு. பஞ்சாபிகிட்ட லேப்டாப் இருக்கு, அதே கேமை ஏத்திக்கிட்டு இருக்கான். ரெண்டு பேரு ஒரே ரோட்டுல ஓட்டலாம், காதுல மாட்டிப் பேசிக்கவும் செய்யலாம். நான் உங்களுக்குப் பின்னால வர்றேன். கீபோர்டுலதான் ஓட்டுவேன், இடிச்சா திட்டக் கூடாது.

டாக்டரம்மா என்ன சொன்னாகன்னு உடனே சொல்லுங்க. நல்லதோ கெட்டதோ.

உங்க
சுருளி

---

கம்பம்,
17.2.2025

அன்பு மகன் சுருளிக்கு.

உடம்பு எப்படி இருக்குன்னு நேத்துத்தான் கேட்டேன், நல்லா இருக்கேன்னு நீயும் சொன்ன. அதனால நேரா விசயத்துக்கு வந்துர்றேன்.

நேத்து நாம ஓட்டினது நல்ல சவாரி. நீ ரெண்டு இடத்துல என் டிரெய்லர்ல இடிச்சதை நான் கணக்குல வைக்கல. நான் இம்புட்டுப் பேசி அம்மாவே பார்த்ததில்லையாம். "அப்பனும் மகனும் என்னத்தைடா பேசுறீக, காப்பி ஆறிப் போச்சு"ன்னு ரெண்டு தடவை வந்து நின்னா. கண்ணு ரோட்டுல இருக்கும்போது பேச்சு தன்னால வருது. அது என்னமோ தெரியல.

அந்தப் பனி மலைய ஏறி, மேல சமதளத்துக்கு வந்தோம்ல, அங்க வச்சு நான் ஒரு விசயம் சொன்னேன். கொஞ்ச நேரமாவே சொல்லு சொல்லுன்னு நெஞ்சுக்குள்ள முட்டிக்கிட்டு இருந்தது. சொல்லிட்டேன். நீ பதில் பேசல. கண்ணாடியில பார்க்குறேன், உன் லாரி நடுரோட்டுல அப்படியே நிக்குது. பையன் அழுகுறான்னு நினைச்சேன். வண்டிய ஓரங்கட்டி, நாலு லைட்டையும் போட்டுட்டு, உனக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன். எனக்கும் கண்ணு ஒரு மாதிரி ஆயிருச்சு. பக்கத்துல அம்மா, "என்னாச்சு, டயர் பஞ்சரா?"ங்கிறா.

அப்ப உன் குரல் வருது: "அப்பா, நெட்டு போயிருச்சுப்பா. கடைசியா என்ன சொன்னீக?"

ஒண்ணும் இல்லடா, வான்னு சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டேன். திரும்பச் சொல்ல வரல. அதான் எழுதுறேன்.

டாக்டரம்மா சோதிச்சுப் பார்த்துட்டுச் சொன்னாக, காலு நல்லாத் தேறியிருக்கு, சொந்த வண்டிய சமதளத்துல மெதுவா ஓட்டிக்கலாம், ஆனா ஆளுகளை ஏத்திக்கிட்டு மலை ஏறக் கூடாது, இனி எப்பவும். மறுவாரமே ஜீப்பை வினோத்ராஜுக்கு வித்துட்டேன். பதினெட்டு வருசம் கூட இருந்த வண்டி. தெரு முக்குல திரும்புற வரைக்கும் பார்த்துக்கிட்டு நின்னேன். கியரை அவன் கொஞ்சம் முரட்டுத்தனமாத்தான் போடுறான். கூப்பிட்டுச் சொல்லணும்னு தோணுச்சு, சொல்லல. அது இப்ப அவன் வண்டி.

நீ பயப்படுற மாதிரி நான் இடிஞ்சு போகல. அன்னைக்குச் சாயங்காலம் நல்லாச் சாப்பிட்டேன், அம்மாகிட்ட கேட்டுப் பாரு.

அங்க வச்சு ரெண்டாவதா ஒண்ணு சொன்னேன். அதுவும் உனக்குக் கேட்டிருக்காது. முப்பது வருசமா மலை ரோட்டுல ஓட்டியிருக்கேன், எத்தனையோ வண்டி எனக்குப் பின்னால வந்திருக்கு. நேத்துத்தான் கண்ணாடியப் பார்க்கப் பார்க்க சந்தோசமா இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை தக்காளி லோடு இருக்கு. சீக்கிரம் வந்துரு.

அப்பா
தங்கப்பாண்டி